தண்ணியா, வெள்ளமா?

 

வேலை முடிந்து வந்திருக்கிறீர்கள். சிலர் மடியில் குழந்தை தூங்குகிறது. தூங்கட்டும். இன்றைய பேச்சும் குழந்தைகளைப் பற்றித்தான்.

முதலில் ஒரு கதை. கதை என்றே கேளுங்கள். யார் வீடு என்று தேட வேண்டாம்.

வித்துராவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். தோட்டத்தில் ஒரு லயம். லயத்தில் ஒரு வீடு. வீட்டில் அம்மா, அப்பா, ஆச்சி, மூன்று வயதுப் பெண் குழந்தை. விடிந்ததும் அம்மா கொழுந்து எடுக்கப் போய்விடுவார். அப்பா வித்துரா சந்தையில் சுமை தூக்குவார். குழந்தைக்கு எல்லாம் ஆச்சிதான்.

ஆச்சி குளிப்பாட்டுவார். சோறு ஊட்டுவார். கதை சொல்லுவார். குழந்தை வாய் மூடாமல் பேசும். "ஆச்சி, நரி எங்க போச்சு? ஏன் போச்சு? திரும்பி வருமா?" ஒரு கேள்வி முடியும் முன்னால் இன்னொரு கேள்வி வரும். லயத்தில் எல்லோரும் சொல்லுவார்கள்: "இவ பேசினா கிளி தோத்துப் போகும்."

மூன்று வயது ஆனது. அங்கன்வாடியில் சேர்த்தார்கள். சேர்த்த நாளில் இருந்து குழந்தை பேசவில்லை. ஒரு மூலையில் உட்கார்ந்தாள். டீச்சர் எது கேட்டாலும் தலையை இரண்டு பக்கமும் ஆட்டினாள். ஒரு மாதம் போனது. இரண்டு மாதம் போனது. அங்கன்வாடிக்கு வரும் ஒரு பெண் அம்மாவிடம் கேட்டார்: "உங்க பிள்ளைக்குக் காது கேட்குமா? கொஞ்சம் மந்தமோ?"

அந்தச் சொல் அம்மாவின் நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. அன்று இரவு அவர் சாப்பிடவில்லை.

இன்னொரு விஷயமும் இருந்தது. தினமும் சாயங்காலம் குழந்தை வீட்டுக்கு வந்ததும் ஒரு செம்புத் தண்ணீரை மடமட என்று குடித்தாள். மூச்சு விடாமல் குடித்தாள். ஒருநாள் காய்ச்சல் வந்தது. அம்மாவுக்குக் கோபம் வந்தது. வேலையை விட்டுவிட்டு அங்கன்வாடிக்குப் போனார்.

"என் பிள்ளைக்கு ஒருவாய்த் தண்ணி கொடுக்க மாட்டீங்களா?"

டீச்சர் திகைத்துப் போனார். "தினமும் கேட்கிறேனே! அவள்தான் வேண்டாம் என்கிறாள்."

"எப்படிக் கேட்டீங்க?"

டீச்சர் கேட்டுக் காட்டினார். "மோளே, வெள்ளம் வேணோ?"

குழந்தை தலையை ஆட்டினாள். அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

அம்மாவுக்கு அப்போதுதான் விளங்கியது. மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். தமிழில் வெள்ளம் என்றால் என்ன? மழைக்காலத்தில் ஓடை பொங்கி வருமே, அதுதான். ஆச்சி சொன்ன கதையில் வெள்ளம் வந்தது. ஆட்டுக்குட்டியை அடித்துக்கொண்டு போனது. அந்த வெள்ளம் வேண்டுமா என்று டீச்சர் தினமும் கேட்கிறார்! எந்தக் குழந்தைதான் வேண்டும் என்று சொல்லும்?

சிரிக்கிறீர்கள். அந்த அம்மாவும் டீச்சரும்கூடச் சிரித்தார்கள். பிறகு இருவரும் அழுதார்கள். இரண்டு மாதம் ஒரு குழந்தை தாகத்தோடு இருந்திருக்கிறாள். யாருக்கும் அவள்மேல் கோபம் இல்லை. யாரும் வேண்டும் என்று செய்யவில்லை. ஆனாலும் அவளுக்கு மந்தம் என்று பெயர் வந்துவிட்டது.

மந்தமான குழந்தையா அவள்? இல்லை. நன்றாகக் கேட்டாள். கேட்டதைப் புரிந்துகொண்டாள். ஆச்சி சொன்ன கதையை நினைவில் வைத்திருந்தாள். ஆபத்து என்று தெரிந்து வேண்டாம் என்றாள். மூன்று வயதில் இதைவிட என்ன புத்தி வேண்டும்?

குழந்தை வெறும் கையோடு அங்கன்வாடிக்கு வருவதில்லை. வீட்டில் இருந்து ஒரு மூட்டையைக் கொண்டுவருகிறது. கண்ணுக்குத் தெரியாத மூட்டை. அதில் பேச்சு இருக்கிறது. பாட்டு இருக்கிறது. பயம் இருக்கிறது. பழக்கம் இருக்கிறது. அந்த மூட்டையைக் கட்டிக் கொடுத்தது யார்? நீங்கள்தான்.

எப்போது கட்டத் தொடங்கினீர்கள்? பிறந்த பிறகா? அதற்கும் முன்பே.

வயிற்றில் இருக்கும்போதே குழந்தைக்குக் காது கேட்கும். கடைசி மூன்று மாதத்தில் அம்மாவின் குரல் உள்ளே போகிறது. 1980இல் அமெரிக்காவில் இரண்டு ஆராய்ச்சியாளர்கள் இதைச் சோதித்தார்கள். பிறந்து மூன்று நாள்கூட ஆகாத குழந்தைகள். வாயில் ஒரு ரப்பர் காம்பு. ஒரு விதமாகச் சப்பினால் தன் அம்மாவின் குரல் கேட்கும். வேறு விதமாகச் சப்பினால் வேறு ஒரு பெண்ணின் குரல் கேட்கும். குழந்தைகள் என்ன செய்தன தெரியுமா? அம்மாவின் குரல் வரும்படியே சப்பின! பால் வரவில்லை. குரல்தான் வந்தது. அதற்காகவே சப்பின.

இன்னொரு சோதனை கனடா நாட்டில் நடந்தது. 1984இல் அதன் முடிவு வெளிவந்தது. நமக்கு த வேறு, ட வேறு. பத்து, பட்டு என்று சொன்னால் வித்தியாசம் தெரியும். இந்தி பேசுகிறவர்களுக்கும் தெரியும். இங்கிலீஷ் பேசும் பெரியவர்களுக்கு இது எளிதில் பிடிபடாது. அவர்களுடைய குழந்தைகளுக்கு? ஆறு, எட்டு மாதக் குழந்தைகளுக்கு இந்தியின் அந்த இரண்டு ஒலிகளும் வேறு வேறாகக் கேட்டன. ஒரு வயது ஆகும்போது அந்த வித்தியாசம் அவர்களுக்குக் கேட்கவில்லை. ஆனால் இந்தி வீட்டில் வளர்ந்த குழந்தைகளுக்கு ஒரு வயதிலும் கேட்டது.

இதற்கு என்ன அர்த்தம்? எல்லாக் குழந்தையும் உலகத்தின் எல்லா மொழிக்கும் தயாராகப் பிறக்கிறது. பிறகு வீட்டில் எது காதில் விழுகிறதோ, அதற்காகக் காதைத் தீட்டிக்கொள்கிறது. முதல் வார்த்தை பேசும் முன்பே இந்த வேலை நடந்துவிடுகிறது. "இது பச்சைக் குழந்தை, இதுக்கு என்ன தெரியும்?" என்று சொல்லுகிறோமே, அதை இனிமேல் யோசித்துச் சொல்ல வேண்டும்.

பிறக்கும்போது குழந்தையின் மூளை பெரியவர் மூளையில் ஏறக்குறைய கால் பங்குதான். ஐந்து வயதில் பத்தில் ஒன்பது பங்கு வளர்ந்துவிடுகிறது. இந்த ஐந்து வருடமும் குழந்தை எங்கே இருக்கிறது? பள்ளிக்கூடத்தில் இல்லை. வீட்டில், தொட்டிலில், இடுப்பில், அடுப்படியில் இருக்கிறது.

சரி, நம் வித்துராவுக்கு வருவோம்.

வித்துரா சின்ன ஊர். ஆனால் மூன்று பேச்சு இங்கே கேட்கும். கடைவீதியில் மலையாளம். தோட்டத்து லயங்களில் தமிழ். காட்டை ஒட்டிய குடியிருப்புகளில் காணிக்காரர் பேச்சு. ஆங்கிலேயர் காலத்தில் பொன்முடி, போனக்காடு பக்கம் தோட்டம் போட்டார்கள். வேலைக்குத் தமிழ்நாட்டுப் பக்கம் இருந்து ஆட்களைக் கொண்டுவந்தார்கள். அவர்களுடைய பேரன் பேத்திகள் இன்னும் இங்கே இருக்கிறார்கள். கன்னியாகுமரிப் பக்கமோ 1956 வரை திருவிதாங்கூர் அரசோடும், பிறகு வந்த திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தோடும் சேர்ந்துதான் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி கோடு போட்டுப் பிரித்தார்கள். நிலத்தில் கோடு போடலாம். பேச்சில் யார் கோடு போட முடியும்?

காணிக்காரர் வாழ்வது அகஸ்தியர் மலையைச் சுற்றி. மலைக்கு இந்தப் பக்கம் பொடியக்காலை, சாத்தன்கோடு போன்ற குடியிருப்புகள். அந்தப் பக்கம் பாபநாசம் மலையில், பேச்சிப்பாறைப் பக்கத்தில் அவர்களுடைய சொந்தக்காரர்கள். அவர்கள் பேச்சில் தமிழும் மலையாளமும் கலந்திருக்கும். ஆனால் அது தனிப் பேச்சு. அதற்கென்று ராகம் இருக்கிறது.

அந்த அங்கன்வாடியில் ஒரு காணிக்காரப் பையனும் இருந்தான். நான்கு வயது. அவன் பேசுவான். ஆனால் உட்கார மாட்டான். வண்ணப் படத்தைக் காட்டி "இது என்ன?" என்று கேட்டால் பதில் வராது. படத்தில் ஆப்பிள் இருக்கும். ரயில் இருக்கும். அவன் ரயிலைப் பார்த்ததில்லை. டீச்சர் பெருமூச்சு விடுவார்.

அவனை வெளியே கூட்டிப் போய்ப் பாருங்கள். எந்த இலையைத் தொட்டால் அரிக்கும் என்று சொல்லுவான். எந்தப் பழத்தைக் குருவி தின்னும், எதைத் தின்னாது என்று சொல்லுவான். யானை நேற்றுப் போனதா, இன்று காலை போனதா என்று பிண்டத்தைப் பார்த்துச் சொல்ல அவன் தாத்தாவிடம் கற்றுக்கொண்டிருக்கிறான். அவன் பாட்டி ஈற்றையைக் கீறிக் கூடை முடைகிறார். பக்கத்தில் உட்கார்ந்து அவன் கீற்றை எடுத்துக் கொடுப்பான். ஒன்று மேலே, ஒன்று கீழே. இரண்டு மேலே, ஒன்று கீழே. தப்பினால் கூடை கோணும். கணக்கு என்று யாரும் அதற்குப் பெயர் வைக்கவில்லை. ஆனால் கணக்குத்தான் அது.

வீட்டில் யாருக்காவது நோய் வந்தால் பிலாத்தி வருவார். கொக்கரை என்னும் இரும்புக் கருவியை உரசிச் சாற்றுப்பாட்டுப் பாடுவார். இரவு நெடுநேரம் பாட்டு நடக்கும். பையன் தாத்தா மடியில் படுத்துக்கொண்டு கேட்பான். நீளமான பாட்டைக் காது கொடுத்துக் கேட்பதும் ஒரு படிப்புத்தான். நோய்க்கு டாக்டரிடம் போக வேண்டும், அதில் சந்தேகம் வேண்டாம். ஆனால் பாட்டை ஏன் விட வேண்டும்?

காட்டுப் படிப்புக்கு என்ன மதிப்பு என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஒரு செய்தி. 1987இல் சில விஞ்ஞானிகள் அகஸ்தியர் மலை ஏறினார்கள். வழிகாட்டக் காணிக்கார இளைஞர்கள் கூடப் போனார்கள். ஏற ஏற விஞ்ஞானிகளுக்கு மூச்சு வாங்கியது. இளைஞர்கள் மட்டும் களைக்கவே இல்லை. ஏதோ சின்னக் காயை அவ்வப்போது வாயில் போட்டு மென்றார்கள். என்ன அது என்று கேட்டபோது முதலில் சொல்லவில்லை. பெரியவர்கள் காத்துவரும் விஷயம் அது. பிறகுதான் காட்டினார்கள். ஆரோக்கியப் பச்சை என்னும் செடி! பாலோட்டில் இருக்கும் வெப்பமண்டலத் தாவரவியல் தோட்டத்து ஆராய்ச்சியாளர்கள் அதில் இருந்து ஜீவனி என்ற மருந்தைச் செய்தார்கள். மருந்தால் வரும் உரிமைத் தொகையில் பாதி காணிக்காரருக்கு என்று முடிவானது. அதற்காக 1997இல் ஒரு டிரஸ்டும் பதிவானது. பாலோடு இங்கிருந்து எவ்வளவு தூரம் என்று உங்களுக்கே தெரியும்.

அந்த இளைஞர்கள் இதை எந்தப் புத்தகத்தில் படித்தார்கள்? சின்ன வயதில் அப்பா, தாத்தா பின்னால் நடந்து கற்றுக்கொண்டார்கள். ஆனால் அதே மாதிரிப் பையன் இன்று அங்கன்வாடிக்கு வந்தால் "ஒன்றும் தெரியவில்லை" என்கிறோம். ரயில் படம் தெரியாததால்!

அப்படியானால் வீட்டுப் பழக்கம் எல்லாமே நல்லதா? அதுவும் இல்லை. உள்ளதைச் சொல்ல வேண்டும்.

சில வீடுகளில் முதல் பாலைப் பீய்ச்சிக் கொட்டிவிடுவார்கள். மஞ்சளாக இருக்கிறது, ஆகாது என்பார்கள். அந்தச் சீம்பால்தான் குழந்தைக்கு முதல் தடுப்பு மருந்து. பிறந்த குழந்தையின் நாக்கில் தேனைத் தொட்டு வைப்பார்கள். சேனை வைப்பது என்று பெயர். பாசத்தில்தான் வைக்கிறார்கள். ஆனால் ஒரு வயது ஆகும்வரை தேன் கூடவே கூடாது. தேனில் சில சமயம் இருக்கும் ஒரு கிருமி சின்னக் குழந்தையின் உயிருக்கே ஆபத்து. ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். சர்க்கரைத் தண்ணீரும் வேண்டாம். ஆசைக்கு மாமாவின் கையால் தொட்டு வைக்க வேண்டுமா? ஆறு மாதம் கழித்துச் சோறு ஊட்டும் சடங்கு இருக்கிறதே, அதில் மாமா ஊட்டட்டும்.

ஆண் பிள்ளைக்கு முட்டை, பெண் பிள்ளைக்குக் குழம்பு. இதை நியாயம் என்று சொல்ல ஒரு வாயும் இங்கே திறக்காது. ஆனால் எத்தனை வீட்டில் நடக்கிறது!

பழக்கத்தை விட்டதால் கெட்ட கதையும் உண்டு. பாலக்காடு மாவட்டத்து அட்டப்பாடியைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். அங்கே இருளர், முடுகர், குறும்பர் வாழ்கிறார்கள். ஒரு காலத்தில் ராகி, சாமை, தினை, துவரை எல்லாம் அவர்களே விளைவித்தார்கள். வீட்டில் ராகிக் களி, கீரை. நிலம் கைவிட்டுப் போனது. விளைச்சல் போனது. ரேஷன் அரிசி மட்டும் மிஞ்சியது. கர்ப்பிணிகளுக்கு இரத்தம் குறைந்தது. குழந்தைகள் எடை குறைந்து பிறந்தன. 2013இல் அங்கே பல பச்சைக் குழந்தைகள் இறந்த செய்தி நாட்டையே உலுக்கியது. அதன் பிறகு ஊர் ஊராகச் சமூகச் சமையல்கூடம் திறந்தார்கள். சிறுதானியப் பயிரைத் திரும்பக் கொண்டுவரவும் ஏற்பாடு நடந்தது. பழங்குடி மக்களுக்கு அறிவில்லை, அதனால் குழந்தை இறந்தது என்று பேசியவர்களும் இருந்தார்கள். அது பொய். அவர்கள் கையில் இருந்ததைப் பிடுங்கிய பிறகு அறிவில்லை என்று சொல்வது பெரிய அநியாயம்.

நம் வீட்டிலும் பாருங்கள். அங்கன்வாடியில் அமிர்தம் பொடி தருகிறார்கள். நல்ல பொடி. கோதுமை, கடலை, நிலக்கடலை, சோயா எல்லாம் இருக்கிறது. அதைக் கோழிக்குப் போடாமல் குழந்தைக்குக் காய்ச்சிக் கொடுங்கள். கூடவே முருங்கைக்கீரை, பயறு, சின்ன மீன். மரச்சீனிக் கிழங்கு மட்டும் தின்றால் வயிறு நிறையும். உடம்பு தேறாது.

இனி ஒரு கஷ்டமான விஷயம். அம்மா வேலைக்குப் போனால் குழந்தையை யார் பார்ப்பது?

ஆச்சி இருந்தால் சரி. ஆச்சி இல்லாத வீட்டில்? மூத்த பெண் பிள்ளை. எட்டு வயது, பத்து வயது. தங்கச்சியை இடுப்பில் வைத்துக்கொண்டு நிற்பாள். அவளுடைய பள்ளிக்கூடம் அந்த இடுப்பிலேயே முடிந்துவிடும். இங்கே எழுத்துப் படிக்க வந்தவர்களில் எத்தனை அக்காமார் அப்படிப் படிப்பை விட்டவர்கள்? கை தூக்கச் சொன்னால் பாதிக் கை தூக்கும்.

1951இல் வந்த தோட்டத் தொழிலாளர் சட்டம் இதை யோசித்தது. ஐம்பது பெண்களுக்குக் குறையாமல் வேலை செய்யும் தோட்டத்தில் குழந்தைகளுக்கு ஓர் அறை வேண்டும், பார்த்துக்கொள்ளப் பயிற்சி பெற்ற பெண் வேண்டும் என்று சொன்னது. சட்டம் எழுதிய இடத்தில் எல்லாம் அறை வந்ததா? வந்த அறையில் ஆள் இருந்ததா? கேட்டவர்களுக்குக் கிடைத்தது. கேட்காதவர்களுக்குக் கிடைக்கவில்லை. 1975 அக்டோபர் 2ஆம் தேதி நாட்டில் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது. இன்றைய அங்கன்வாடி அதில் இருந்து வந்ததுதான். அது இலவசக் கஞ்சித் தொட்டி இல்லை. தங்கச்சி அங்கே போனால் அக்கா பள்ளிக்குப் போகலாம்.

அப்பாமார்களே, கடைசி வரிசையில் இருந்து நழுவ வேண்டாம்! உங்களைப் பற்றியும் பேச்சு இருக்கிறது. குழந்தை வளர்ப்பது பெண் வேலை என்று எந்தக் காட்டிலும் எழுதி வைக்கவில்லை. சாயங்காலம் வரும்போது மிட்டாய் வாங்கி வருகிறீர்கள். நல்லது. ஆனால் மிட்டாய் ஒரு நிமிஷத்தில் கரைந்துவிடும். "இன்னிக்குச் சந்தையில என்ன நடந்துச்சு தெரியுமா?" என்று ஒரு கதை சொல்லுங்கள். லாரியில் எத்தனை மூட்டை இறக்கினீர்கள், எது கனம், யார் வழுக்கி விழுந்தார். குழந்தைக்கு அது பெரிய கதை. குடித்துவிட்டு வரும் அப்பாவின் கதையை மட்டும் குழந்தை வேறு விதமாகக் கற்றுக்கொள்ளும். சத்தம் வந்தால் கட்டிலுக்குக் கீழே ஓடக் கற்றுக்கொள்ளும். பயந்த குழந்தைக்குப் பாட்டு ஏறாது, எண் ஏறாது.

"பூச்சாண்டி வருவான்", "போலீஸ் பிடிச்சிட்டுப் போகும்" என்று பயம் காட்டிச் சோறு ஊட்டுவதும் இந்த வகைதான்.

இப்போது பூச்சாண்டிக்குப் பதில் செல்போன் வந்துவிட்டது. குழந்தை அழுதால் போனைக் கையில் கொடுக்கிறோம். அழுகை நிற்கிறது. பேச்சும் நிற்கிறது. போன் பேசும், ஆனால் குழந்தை சொல்வதைக் கேட்காது. நரி எங்கே போச்சு என்று அதனிடம் கேட்டால் பதில் வராது. உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஒரு வழிகாட்டல் வெளியிட்டது. இரண்டு வயது வரை குழந்தையைத் திரைக்கு முன்னால் உட்கார வைக்க வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். அதிலும் குறைந்தால் நல்லது. ஆச்சியின் மடிக்கு அப்படி எந்த நேரக் கட்டுப்பாடும் இல்லை!

மறுபடி அந்த அம்மாவிடம் போவோம். வெள்ளத்தின் கதை தெரிந்த பிறகு அவர் ஒரு முடிவு எடுத்தார். "இனிமே வீட்ல தமிழ் வேண்டாம். மலையாளம் மட்டும் பேசுவோம். அப்பதான் பிள்ளை பிழைக்கும்." ஆச்சியிடமும் சொல்லிவிட்டார்.

ஆச்சிக்குக் கடைக்குப் போக, பஸ் ஏற மட்டும் மலையாளம் தெரியும். நரிக் கதை சொல்ல வராது. ஆகவே ஆச்சி பேசாமல் இருந்தார். "வா", "போ", "இரி", "மதி". அவ்வளவுதான். வீட்டில் சத்தம் குறைந்தது. முன்பு அங்கன்வாடியில்தான் குழந்தை ஊமை. இப்போது வீட்டிலும் ஊமை.

இது அம்மாவின் தப்பு இல்லை. பாசத்தால் எடுத்த முடிவு. ஆனால் தவறான முடிவு. மலையாளம் வேண்டாமா? கட்டாயம் வேண்டும். கேரளத்தில் வாழ்கிற குழந்தைக்கு மலையாளம் சோறு போடும். மலையாளம் தெரியாமல் வளர்ப்பது பிள்ளைக்குச் செய்யும் துரோகம். ஆனால் அதைச் சொல்லிக்கொடுக்க அங்கன்வாடி இருக்கிறது, தெரு இருக்கிறது, கூட்டாளிப் பிள்ளைகள் இருக்கிறார்கள். ஆச்சியின் கதையைச் சொல்ல ஆச்சி ஒருவர்தான் இருக்கிறார். குழந்தையின் தலையில் இரண்டு மொழிக்கும் இடம் இருக்கிறது. மூன்று மொழிக்கும் இருக்கிறது. ஒன்று நன்றாக ஊன்றினால் அடுத்தது அதைப் பிடித்து ஏறும், மிளகுக்கொடி முருக்க மரத்தைப் பிடித்து ஏறுவது போல. மரத்தை வெட்டிவிட்டுக் கொடியை வளர்க்க முடியுமா?

அரசாங்கங்களும் இதை மெல்ல மெல்ல ஒத்துக்கொண்டு வருகின்றன. ஒடிசா மாநிலத்தில் 2006-07 வாக்கில் பத்துப் பழங்குடி மொழிகளில் சின்ன வகுப்புப் பாடம் தொடங்கினார்கள். வயநாட்டில் 2017இல் கோத்ரபந்து என்ற திட்டம் வந்தது. பழங்குடிச் சமூகத்திலேயே படித்த இளைஞர்களைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். குழந்தையின் பேச்சிலேயே பேசி, மலையாளத்துக்குக் கைபிடித்துக் கூட்டி வர. 2020இல் வந்த தேசியக் கல்விக் கொள்கையும் முடிந்த இடத்தில் எல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டு மொழியில் சொல்லிக்கொடுக்கச் சொல்கிறது. ஒரு மலை அங்கன்வாடிக்கு இதெல்லாம் எப்போது வந்து சேரும்? காத்திருந்தால் குழந்தைக்குப் பத்து வயது ஆகிவிடும்.

அந்த டீச்சர் காத்திருக்கவில்லை. ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கினார். பக்கத்துக்கு மூன்று கட்டம் போட்டார். முதல் கட்டத்தில் மலையாளச் சொல். அடுத்ததில் தமிழ். அடுத்ததில் காணிக்காரர் சொல். குழந்தையைக் கூட்டிப் போக வரும் அம்மாமாரிடம் தினமும் ஐந்து சொல் கேட்டார். தாகத்துக்கு என்ன சொல்லுவான்? வயிறு வலித்தால்? ஒன்றுக்கு வந்தால்? பயந்தால்?

மலையாளத்தில் பட்டி என்றால் நாய். தமிழில் பட்டி என்றால் ஆட்டை அடைக்கும் இடம். மலையாளத்தில் மதி என்றால் போதும். தமிழில் மதி நிலா. "கரயண்டா" என்றால் அழாதே. தமிழில் கரைவது காக்கை. நோட்டைப் படிக்கப் படிக்க டீச்சருக்கே சிரிப்பு வந்தது. அந்த மூலைப் பெண் குழந்தை எத்தனை தடவை குழம்பியிருப்பாள் என்று நினைத்தபோது சிரிப்பு நின்றது.

தமிழ்க் கட்டத்தை எழுத ஆள் வேண்டும். டீச்சருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. அந்த அம்மா எழுதினார். எழுத்து வகுப்பில் கற்ற எழுத்து. ழ கொஞ்சம் கோணலாக வந்தது. 1991 ஏப்ரல் 18ஆம் தேதி கோழிக்கோட்டில் கேரளம் முழு எழுத்தறிவு பெற்ற மாநிலம் என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பைப் படித்தவர் யார்? மந்திரி இல்லை. எழுதப் படிக்கப் புதிதாகக் கற்ற சேலக்கோடன் ஆயிஷா என்ற பெண்மணி. அவருக்கு முன்னால் மைதானம் நிறையக் கூட்டம். இந்த அம்மாவுக்கு முன்னால் நாற்பது பக்க நோட்டு. இரண்டும் ஒரே எழுத்துத்தான்.

காணிக்காரப் பையனின் தாத்தாவை டீச்சர் ஒருநாள் கூப்பிட்டார். அவர் பத்து இலை கொண்டுவந்தார். பிள்ளைகளை வட்டமாக உட்கார வைத்து ஒவ்வொரு இலையாகக் கசக்கி முகரக் கொடுத்தார். ஒரு இடத்தில் உட்காராத பையன் அன்று அரை மணி நேரம் உட்கார்ந்தான். தாத்தா பெயர் சொல்லும் முன்னால் அவன் சொன்னான். மற்றப் பிள்ளைகள் அவனைப் பார்த்தார்கள். அன்று முதல் அவன் பக்கத்தில் உட்காரப் போட்டி.

வீட்டில் மறுபடி நரிக் கதை தொடங்கியது. அம்மாவே ஆச்சியிடம் போய்ச் சொன்னார்: "நீங்க உங்க பேச்சையே பேசுங்க அத்தை. எனக்கும் கேட்டு நாளாச்சு."

அடுத்த முறை டீச்சர் கூப்பிட்டது ஆச்சியை. கதை சொல்ல. ஆச்சிக்கு வெட்கம். நல்ல சேலை உடுத்தி, வெற்றிலை போடாமல் வந்தார். தமிழில்தான் சொன்னார். நரி ஊளையிட்டது. மலையாளப் பிள்ளைகளும் கூட ஊளையிட்டார்கள். நரியின் ஊளைக்கு மொழிபெயர்ப்பு வேண்டாமே! நடுவில் ஆச்சிக்கு இருமல் வந்தது. தொண்டையைத் தடவிக்கொண்டு, "கொஞ்சம் தண்ணி" என்றார்.

மூலையில் இருந்து பேத்தி எழுந்து ஓடி வந்தாள். எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள்:

"ஆச்சி, இங்க வெள்ளம்னு கேக்கணும். ஆட்டுக்குட்டிய அடிக்கிற வெள்ளம் இல்ல. குடிக்கிற வெள்ளம்!"

அதற்குள் டீச்சர் டம்ளரோடு வந்து நின்றார். "தண்ணி" என்று சொல்லி ஆச்சி கையில் கொடுத்தார்.